பிளேட் ரன்னர் டிஸ்க்கை எடைபோடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

உறையில் '4கே' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, பக்கத்திலேயே 'புதிதாக மீட்டெடுக்கப்பட்டது' என்று ஒரு வரி, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது, வாங்கிவிடலாம் என்று நினைக்கிற ஆளாகத்தான் நானும் இருந்தேன். ஒரு பழைய அறிவியல் புனைகதைப் படத்தின் புதுப் பதிப்பு வந்ததும், கையில் இருந்த பழைய ப்ளூ-ரேயை நண்பருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுப் பார்த்தால், நடிகர்கள் எல்லோரும் மெழுகுப் பொம்மை மாதிரி இருந்தார்கள். கொடுத்த டிஸ்க்கைத் திருப்பிக் கேட்கவும் கூச்சம். அதற்கப்புறம்தான் ஒரு பதிப்பை எப்படிப் பார்ப்பது என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

இங்கே ஒரே படத்தை வைத்துக்கொண்டு போகிறேன்: ரிட்லி ஸ்காட் இயக்கி 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்'. பழைய படங்களின் வீட்டுப் பதிப்புகளில் வருகிற சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு படத்தில் வந்து குவிந்திருக்கின்றன. பல வடிவங்கள், இருட்டு, புகை, மழை, நியான் விளக்கு, இரண்டு அளவு பிலிம், பின்னாளில் செய்த திருத்தங்கள். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றப் படங்கள் சுலபம்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தியேட்டர் திரையில் ஓடிய படத்துக்கு இந்த டிஸ்க் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? பளிச்சென்று இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் டிவியைத் திருத்துங்கள்

டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் டிவியைப் பாருங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று பெரும்பாலான டிவிகளில் இருக்கிறது, கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வினாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தில் இல்லாத பிரேம்களை அது தானாக உருவாக்கிச் செருகும். படம் சீரியல் மாதிரி தெரியும். அதை அணையுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள், பல டிவிகளில் பூஜ்யம்தான் சரி, சிலவற்றில் நடுவில் இருக்கும். 'சினிமா' அல்லது 'பிலிம்மேக்கர்' மோடில் வையுங்கள். டிவி தானாகச் செய்யும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்துங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். இந்தப் படத்தின் முக்கால்வாசி இருட்டில்தான் நடக்கிறது, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 'கறுப்பு சரியில்லை' என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எந்தப் படம் என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் பெரிய வேலை. 'பிளேட் ரன்னர்' என்று ஒரு படம் கிடையாது, பரவலாகக் கிடைப்பவை மட்டும் ஐந்து வடிவங்கள். 1982 மார்ச்சில் டென்வரிலும் டல்லஸிலும் முன்னோட்டமாகப் போட்டுக் காட்டிய ஒர்க்பிரிண்ட் (வேலை முழுதாக முடியும் முன் எடுத்த பிரதி). அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. வெளிநாடுகளுக்குப் போன, வன்முறை கொஞ்சம் கூடுதலான சர்வதேச வடிவம். 1992இல் வந்த டைரக்டர்ஸ் கட். 2007இல் வந்த ஃபைனல் கட்.

பல படங்களில் ஓடும் நேரத்தைப் பார்த்தே வடிவத்தைச் சொல்லிவிடலாம். இங்கே அது பலிக்காது, தியேட்டர் வடிவத்துக்கும் ஃபைனல் கட்டுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டும் 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் அடையாளம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஹாரிசன் ஃபோர்டு பின்னணியில் அலுத்துப்போன குரலில் கதை சொல்லிக்கொண்டே போகிறாரா, கடைசியில் பசுமையான மலைகளுக்கு நடுவே கார் பயணம் வருகிறதா? அப்படியானால் 1982 தியேட்டர் வடிவம் அல்லது சர்வதேச வடிவம். அந்த மலைக் காட்சிகளில் சில, குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சிய பிலிமிலிருந்து வந்தவை என்பது ஒரு உபகதை. இந்த இரண்டில் எது என்று தெரிய, செயற்கை மனிதர்களைத் தயாரிக்கும் கம்பெனியின் முதலாளி டைரெல் சாகும் காட்சியைப் பாருங்கள். கண்ணில் விரல் அழுந்துவதையும் ரத்தத்தையும் அப்படியே காட்டினால் சர்வதேச வடிவம்.

பின்னணிக் குரல் இல்லை, பியானோ முன்னால் ஃபோர்டு உட்கார்ந்திருக்கும்போது ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடுகிற கனவு வருகிறது, லிஃப்ட் கதவு மூடுவதோடு படம் முடிகிறது என்றால் டைரக்டர்ஸ் கட் அல்லது ஃபைனல் கட். இரண்டையும் பிரிக்க எளிய வழி இருக்கிறது. போலீஸ் தலைவர் பிரயன்ட், தப்பி வந்த ஆறு ரெப்ளிகன்ட்களைப் (செயற்கை மனிதர்கள்) பற்றிச் சொல்லும்போது, ஒன்று மின்வேலியில் கருகியது என்கிறாரா, இரண்டு என்கிறாரா? 1982 தியேட்டர் வடிவத்திலும் டைரக்டர்ஸ் கட்டிலும் ஒன்று. கணக்குப் போட்டால் ஐந்து மிஞ்ச வேண்டும், ஆனால் படத்தில் நான்கு பேர்தான். அந்த ஐந்தாவது ஆள் யார் என்று ரசிகர்கள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஃபைனல் கட்டில் 'இரண்டு' என்று திருத்தி விஷயத்தை முடித்துவிட்டார்கள். அந்த நால்வரில் ஒருத்தியான சோரா கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் காட்சியையும் பாருங்கள். பழையவற்றில் விக் வைத்த டூப் என்று அப்பட்டமாகத் தெரியும். ஃபைனல் கட்டில் ஜோவன்னா காசிடியின் முகத்தையே டிஜிட்டலில் பொருத்தியிருக்கிறார்கள். கடைசியில் பறக்கும் புறா இன்னொன்று: மழை பெய்யும் ராத்திரியில் இருந்து திடீரென்று வெளுத்த பகல் வானத்துக்குப் போனால் பழையது, இருட்டு வானத்துக்குள்ளேயே போனால் ஃபைனல் கட்.

எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், பார்க்க ஃபைனல் கட், வரலாறாக வைத்துக்கொள்ள 1982 தியேட்டர் வடிவம். பின்னணிக் குரல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தக் காலத்தில் ஜனங்கள் பார்த்த படம் அதுதான், அது கிடைக்காமல் போவது நஷ்டம். 1977இன் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1997இல் மாற்றியமைத்த பிறகு, அசல் வடிவத்தை 2006இல் டிவிடியில் இணைப்பாகக் கொடுத்தார்கள், அதுவும் 1993 லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த பழைய மாஸ்டரிலிருந்து (டிஸ்க் போட வைத்திருக்கும் மூலப் பதிவு). 'பிளேட் ரன்னர்' ரசிகர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். 2007இல் வந்த ஐந்து டிஸ்க் பெட்டியில் ஐந்து வடிவங்களும் இருக்கின்றன. 2017 செப்டம்பரில் வந்த 4கே பதிப்பில் 4கே டிஸ்க்கில் இருப்பது ஃபைனல் கட் மட்டும். 1982இன் இரண்டு வடிவங்களும் டைரக்டர்ஸ் கட்டும் அதே பெட்டியில் சாதா ப்ளூ-ரேயாகத்தான் வருகின்றன. உறையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிக்காவிட்டால் இது தெரியாது.

திரையின் அளவு

இது சீக்கிரம் முடிகிற வேலை. படம் அனமார்ஃபிக் லென்ஸில் (அகலமான காட்சியை நெருக்கிப் பிலிமில் பதிக்கும் லென்ஸ்) எடுத்தது, அகலம் உயரத்தைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். பழைய சதுர டிவிக்காக வெட்டிய பதிப்பில் படத்தின் 44 சதவீதம் போய்விடும். இப்போதைய 16:9 திரையை நிரப்ப வெட்டினாலும் கால்வாசி காணாமல் போகும். பட்டை இல்லையென்றால் அந்தப் பதிப்பை அத்தோடு விட்டுவிடலாம்.

எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள்?

இங்கேதான் '4கே' என்ற வார்த்தை ஏமாற்றுகிறது. டிஸ்க்கில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை வேறு (3840க்கு 2160), அந்தப் படம் எதிலிருந்து வந்தது என்பது வேறு. கேமராவுக்குள் ஓடிய அசல் நெகட்டிவ் முதல் தலைமுறை. அதிலிருந்து இன்டர்பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரிண்ட். ஒவ்வொரு நகலிலும் விவரம் கொஞ்சம் கரையும், நிழல்கள் அடைத்துக்கொள்ளும். பிரிண்டிலிருந்து 4கே ஸ்கேன் செய்வதைவிட அசல் நெகட்டிவிலிருந்து 2கே ஸ்கேன் செய்தது பல நேரம் நன்றாக இருக்கும். பதினைந்து வருடப் பழைய மாஸ்டரை மென்பொருளால் பெரிதாக்கி 4கே என்று விற்பதும் நடக்கிறது. ஆகவே தேட வேண்டிய விவரங்கள்: எந்தப் பிலிம், எந்த ஆண்டு ஸ்கேன், எத்தனை கேயில் வேலையை முடித்தார்கள்.

ஃபைனல் கட்டுக்காக 35 மி.மீ. நெகட்டிவை 4கேயிலும், சிறப்புக் காட்சிகளின் 65 மி.மீ. நெகட்டிவை 8கேயிலும் ஸ்கேன் செய்தார்கள். எதற்கு இரண்டு அளவு பிலிம்? டக்ளஸ் டிரம்புல் குழு மினியேச்சர் காட்சிகளை அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று பதித்து உருவாக்கியது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு நகல், நகல் எடுக்க எடுக்கத் தரம் இறங்கும். பெரிய பிலிமில் செய்தால் அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் படத்தின் தொடக்கத்தில் தீப்பிழம்பு கக்கும் அந்த லாஸ் ஏஞ்சலஸ் காட்சிதான் முழுப் படத்திலும் துல்லியமான இடங்களில் ஒன்று. நல்ல பதிப்பில் தூரத்துச் சின்னச் சின்ன விளக்குகள் தனித்தனிப் புள்ளியாக நிற்கும். அந்தக் காட்சியே மசமசவென்று இருந்தால், மாஸ்டர் பழையது என்று அப்போதே முடிவு செய்துவிடலாம்.

கிடைத்த பிலிம் மோசம் என்றால் அதை ஒப்புக்கொள்ளும் பதிப்பை நான் மதிப்பேன். ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தின் தொலைந்துபோன காட்சிகள் 2008இல் புவெனஸ் அயர்ஸில் ஒரு 16 மி.மீ. நகலில் கிடைத்தன. 2010 மீட்டெடுப்பில் அந்த இடங்கள் கீறலோடுதான் வருகின்றன, வெட்டுப்பட்டுப் போன ஓரத்தைக் கறுப்பாகவே விட்டிருக்கிறார்கள். எது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரிகிறது. நேர்மையான வேலை.

கிரெய்ன்: கண்ணைப் பழக்குங்கள்

பிலிமில் படம் என்பதே பொடித் துகள்களால் ஆனது, கறுப்பு-வெள்ளையில் வெள்ளி, கலரில் சாயம். திரையில் துறுதுறுவென்று அசையும் அந்தப் பொடிதான் கிரெய்ன். முகத்தின் சுருக்கம், துணியின் இழை, மழைத்துளி எல்லாம் அந்தத் துகள்களுக்குள்தான் இருக்கின்றன. 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்று மென்பொருளால் அதைத் துடைத்தால் (டிஎன்ஆர் என்பார்கள்) முகமும் சேர்ந்து துடைபடும். 'பிரிடேட்டர்' படத்துக்கு 2010இல் வந்த ப்ளூ-ரே இதற்குக் கெட்ட பெயர் எடுத்தது, காட்டில் வியர்த்து வழியும் ஆட்கள் பிளாஸ்டிக் ஆகிவிட்டார்கள். 'டெர்மினேட்டர் 2' படத்தின் 2017 4கே பதிப்பிலும் அதே கதைதான், 3டிக்காகத் துடைத்த மாஸ்டரையே அதற்கும் பயன்படுத்தினார்கள். 2024இல் வந்த 'ஏலியன்ஸ்' 4கே வேறு ரகம். மென்பொருள் கிரெய்னை எடுத்துவிட்டு விவரத்தைத் தானே தீட்டிக் கொடுத்தது. சிலருக்கு அது பிடித்திருக்கிறது. என்னால் அந்தக் கண் இமைகளைப் பார்க்க முடியவில்லை.

எப்படிச் சோதிப்பது? படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பாருங்கள், இது முக்கியம். நிறுத்திய பிரேமில் கிரெய்ன் அழுக்கு மாதிரி தெரியும், ஓடும்போது அதுவே உயிர். லியோன் என்ற ரெப்ளிகன்டை விசாரிக்கும் முதல் காட்சியில் முகங்களைப் பாருங்கள், தோலின் துளைகள் தெரிகின்றனவா? ஒரு ஆள் தலையைத் திருப்பும்போது மட்டும் முகம் மங்கி, நின்றவுடன் தெளிகிறதா? அது டிஎன்ஆர். பின்சுவரில் கிரெய்ன் உறைந்துபோய், ஆள் மட்டும் அசைகிறாரா? அதுவும் அதேதான். இருண்ட உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது போல் தெரிந்தால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள்.

ஒரு சூட்சுமம்: பழைய படங்களில் காட்சிக்குக் காட்சி கிரெய்ன் மாறத்தான் வேண்டும். ஒரு காட்சி கரைந்து இன்னொன்று வரும் இடத்திலும், படத்தின் மேல் எழுத்து ஓடும் இடத்திலும் கிரெய்ன் திடீரென்று கூடும், அங்கே பிலிம் ஒரு தலைமுறை கீழே போயிருக்கும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள், யாரோ இஸ்திரி போட்டிருக்கிறார்கள்.

புகையும் மழையும் கம்ப்ரஷனும்

ஒளிப்பதிவாளர் ஜோர்டன் க்ரோனென்வெத் அறை முழுக்கப் புகையை நிரப்பி அதில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். அழகு. ஆனால் வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது, புகை, மழை, கிரெய்ன் மூன்றும் ஒவ்வொரு பிரேமிலும் மாறுகின்றன. செபாஸ்டியன் வீட்டுக் கட்டடத்துக்குள் ஒளிக்கற்றை சுற்றி வரும் காட்சிகளைப் போடுங்கள். நிழலில் சதுரக் கட்டங்கள் தெரிந்தாலோ, ஒளி மெதுவாக மங்கும் இடத்தில் படிக்கட்டு மாதிரி பட்டைகள் வந்தாலோ டேட்டா போதவில்லை.

சாதா ப்ளூ-ரேயில் வீடியோவுக்கு அதிகபட்சம் வினாடிக்கு 40 மெகாபிட், 100 ஜிபி 4கே டிஸ்க்கில் மொத்தமாக நூறைத் தாண்டியும் போகலாம். ஸ்ட்ரீமிங்கில் 4கே என்று வருவது இதில் சின்னப் பங்குதான். இந்த மாதிரிப் படத்துக்கு 4கே ஸ்ட்ரீமிங்கைவிட நல்ல ப்ளூ-ரே மேல் என்று நான் சொல்வது அதனால்தான். 4கே டிஸ்க்கில் 10 பிட் நிறம் (கூடுதல் நிறப் படிகள்) இருப்பதால் பட்டைகளும் குறையும். ஒரே டிஸ்க்கில் படத்தோடு இணைப்புகளையும் திணித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், இடத்துக்குச் சண்டை போட்டால் தோற்பது படம்தான்.

நிறம்: அதிகம் சண்டை நடக்கும் இடம்

ஃபைனல் கட் பச்சை-நீலத்தின் பக்கம் சாய்கிறது. பழைய பதிப்புகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். இயக்குநர் இருந்து ஒப்புக்கொண்ட நிறம் என்பது ஒரு வாதம், 1982இல் ஒப்புக்கொண்டது அதுவா என்பது எதிர்வாதம். இரண்டுமே நியாயம்தான். இயக்குநரின் கையெழுத்து எல்லாவற்றையும் முடித்துவிடாது, 25 வருடத்தில் மனிதனின் ரசனையும் மாறும். நான் செய்வது இது: தோல் நிறத்தையும், வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு பொருளையும் வெவ்வேறு காட்சிகளில் பார்ப்பேன். ஒரு காட்சி பச்சையாக இருந்தால் அது ஒளியமைப்பாக இருக்கலாம். தெரு, அலுவலகம், வீடு என்று எல்லா இடத்திலும் எல்லாருடைய கன்னத்திலும் ஒரே பச்சை படிந்திருந்தால் அது பின்னால் பூசியது.

டைரெல் அலுவலகத்தில் சூரியன் இறங்கும் காட்சி எச்டிஆருக்கு (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) நல்ல பரீட்சை. தங்க நிறம் அறைக்குள் வழிய வேண்டும், ரேச்சலின் கறுப்பு உடையில் மடிப்புகள் தெரிய வேண்டும், சூரியன் கண்ணைக் குத்தக் கூடாது. சினிமாத் திரையில் வெள்ளையின் வெளிச்சம் சுமார் 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). எச்டிஆர் டிஸ்க் 1000 நிட்ஸுக்கும் போக முடியும், அதற்காகப் போகத்தான் வேண்டும் என்று இல்லை. நியான் பலகை எரிகிற மாதிரி இருந்தால் போதும், அறையில் லைட் போட்ட மாதிரி இருக்கக் கூடாது. 2017 4கே பதிப்பு இதில் அடக்கமாக நடந்துகொள்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒலி

வாஞ்ஜெலிஸ் இசை இந்தப் படத்தில் பாதி, ஆனால் டிஸ்க் விமர்சனங்களில் ஒலிக்குக் கடைசியில் ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். 4கே பதிப்பில் டால்பி அட்மாஸ் இருக்கிறது, மழையும் பறக்கும் வண்டிகளும் தலைக்கு மேலே போகின்றன. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய படம் என்றால், தியேட்டரில் ஓடிய அசல் மிக்ஸும் (ஒலிக்கலவை) கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். புது மிக்ஸில் துப்பாக்கிச் சத்தத்தையே மாற்றிவைத்த படங்கள் உண்டு. வசனம் இசைக்குள் மூழ்குகிறதா, கிசுகிசுப்பு கேட்கிறதா என்றும் கவனியுங்கள். ஃபைனல் கட்டில் ரெப்ளிகன்ட்களின் தலைவன் ராய் பேட்டி டைரெலிடம் கூடுதல் ஆயுள் கேட்கும் வரியில் வசைச் சொல் போய் 'அப்பா' என்ற சொல் வந்திருக்கிறது. அது கோளாறு இல்லை, திருத்தம்.

பழைய ஐரோப்பிய டிவிடி கையில் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. பால் (PAL) என்ற அங்கத்திய டிவி முறைக்காக 24 பிரேமை 25 ஆக ஓட்டுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாகப் போகும், சுருதி திருத்தப்படாவிட்டால் குரலும் இசையும் ஏறிவிடும். 117 நிமிடப் படம் 112 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். வெட்டிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம்.

இணைப்புகள்

பெரும்பாலானவை ஒருவரையொருவர் புகழும் ஐந்து நிமிடத் துண்டுகள். விதிவிலக்கு, 2007 பெட்டியில் வந்த 'டேஞ்சரஸ் டேஸ்' ஆவணப்படம். மூன்றரை மணி நேரம், படத்தைவிட நீளம், படப்பிடிப்பில் நடந்த சண்டைகள் உட்பட எல்லாம் இருக்கிறது. அதற்காகவே பழைய பெட்டியை வைத்திருக்கலாம்.

மற்றவர்களின் ஸ்கிரீன்ஷாட்டை நம்பலாமா?

ஜாக்கிரதையாக. ஒரே பிரேமாக இருக்க வேண்டும், ஒரு பிரேம் தள்ளிப்போனாலும் கூர்மை மாறும். ஜேபெக்கில் சுருக்கிய படத்தை வைத்துக் கிரெய்னைப் பேசுவது வீண், பிஎன்ஜியாக இருக்கட்டும். எச்டிஆர் படத்தைச் சாதாரணமாக மாற்றிப் போட்டால் நிறமும் வெளிச்சமும் பொய் சொல்லும், அதில் விவரத்தை மட்டும் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு எந்த வடிவம், எந்த ஸ்கேன் என்று சொல்லாத விமர்சனத்தைத் தாண்டிப் போங்கள். 'இவ்வளவு பழைய படம் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது' என்று எழுதியிருந்தால் எனக்கு உடனே டிஎன்ஆர் ஞாபகம்தான் வரும்.

ஒரே உட்காரலில் சோதிக்க

முழுப் படத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அரை மணி நேரம் போதும். தொடக்க நகரக் காட்சி, ஸ்கேனுக்கு. லியோன் விசாரணை, முகத்துக்கும் கிரெய்னுக்கும். டைரெல் அலுவலகம், நிறத்துக்கும் எச்டிஆருக்கும். பிரயன்ட் எண்ணிக்கை சொல்லும் இடமும் சோராவின் ஓட்டமும், வடிவத்துக்கு. செபாஸ்டியன் கட்டடம், கம்ப்ரஷனுக்கு. கடைசியாகக் கூரையில் மழை, அங்கே எல்லாமே ஒன்றாகச் சேரும், குரலும் மெதுவாக இருக்கும், ஒலிக்கும் அதுவே சோதனை. பழைய பதிப்பு கையில் இருந்தால் அதே இடங்களை அதே வரிசையில் அதிலும் போட்டுப் பாருங்கள், நினைவை நம்ப வேண்டாம். பழையதை யாருக்கும் கொடுப்பது அதற்கப்புறம்.